பெற்றீசியா டீச்சர் இருந்தப்போ

ஆனைக்கல் தோட்டம், மேற்பிரிவு,
லிந்துலை.
02.02.2025

மதிப்புக்குரிய பெற்றீசியா ரீச்சருக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்களை எனக்குத் தெரியும். வந்து ஒரு கிழமைதான், அதற்குள் தேவைக்கு அதிகமாகவே தெரிந்துவிட்டது. உங்கள் இடத்துக்கு வந்த ஆசிரியை நான். பெயர் ஜெயந்தினி, ஊர் கரவெட்டி. நீங்கள் இருந்த அறையில், நீங்கள் படுத்த கட்டிலில்தான் இருக்கிறேன். உங்கள் விலாசத்தை அதிபர் கஜேந்திரன் சேர் தந்தார்.

அலுமாரியின் மேல்தட்டில் உங்கள் பொருட்கள் கிடந்தன. மண்ணிறக் கம்பளிச் சட்டை, சுடுநீர்ப் பை, பிள்ளைகள் கீறிய படங்கள் ஒரு கட்டு. எல்லாப் படத்திலும் கண்ணாடி போட்ட ஒரு பெண் மலையைவிட உயரமாக நிற்கிறார். நீங்களாகத்தான் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பார்சலாக அனுப்புகிறேன். தபால் கந்தோரில் எனக்குச் சிங்களம் வரவில்லை. பக்கத்து லயத்து வரிசை வீட்டு மீனம்மாதான் எனக்காகக் கதைத்தார்.

குளிர் பற்றி எழுதினால் தாள் போதாது. ஊரில் மார்கழிக் குளிர் என்று போர்வைக்குள் சுருண்டு கிடந்ததை நினைக்க வெட்கமாக இருக்கிறது. இரவில் காலுக்கு இரண்டு சோடி மேசும் தலைக்குத் தொப்பியும் போட்டுக்கொண்டு படுக்கிறேன். ஆனால் குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "பெற்றீசியா டீச்சர் இருந்தப்போ" என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெற்றீசியா டீச்சர் இருந்தப்போ கதை சொல்லிட்டுத்தான் கணக்கு தொடங்குவாங்க. பெற்றீசியா டீச்சர் இருந்தப்போ கதவைச் சாத்தவே மாட்டாங்க. பெற்றீசியா டீச்சருக்கு அட்டை கடிச்சா சிரிப்பாங்க. அட்டை கடித்தால் ஒரு மனுசி எதற்காகச் சிரிக்க வேண்டும் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

நான் இங்கே நிற்க வந்தவள் இல்லை. முதல் நியமனம் என்பதால் வந்தேன். மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நாளன்றே விண்ணப்பிப்பேன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

இப்படிக்கு,
ஜெயந்தினி

•

குருநகர்,
யாழ்ப்பாணம்.
12.02.2025

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

பார்சல் கிடைத்தது. கம்பளிச் சட்டையை மட்டும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். யாழ்ப்பாணத்து வெயிலில் அதை வைத்து நான் என்ன செய்ய? போட்டுக்கொள்ளுங்கள். வலக்கைப் பொத்தான் ஒன்று கழன்றிருக்கும், கவனம்.

அட்டை கடித்து நான் சிரித்தது துணிச்சலால் அல்ல. முதல் முறை கத்தினேன். முதலாம் வகுப்பு முழுவதும் என்னோடு சேர்ந்து கத்தியது. அதற்குப் பிறகுதான் சிரிக்கப் பழகினேன்.

ஆறு வருஷம் அங்கே இருந்தேன். அப்பாவுக்குச் சுகமில்லை என்று நவம்பரில் மாற்றம் எடுத்து வந்தேன். கிறிஸ்மஸுக்கு மறுநாள் அவர் போய்விட்டார். அவருக்கு நான் கஞ்சி பருக்கியது நான்கு கிழமைதான். இப்போது பட்டினத்தில் பெரிய பள்ளிக்கூடம், ஒரு வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். பிள்ளைகள் வாகனத்தில் வந்து இறங்குகிறார்கள், மணியடித்ததும் ரியூசனுக்கு ஓடுகிறார்கள். என் பெயர் தெரிந்த பிள்ளை எத்தனை என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கக் கூடாது.

எனக்குச் சிலது எழுதுங்கள். மீனம்மாவின் மகள் நிஷாந்தி இப்போதும் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறாளா? கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் தெரிந்த விடையைச் சொல்லக் கூச்சப்படுவாள். என் ரோசாச் செடி பூக்கிறதா? காலையில் உங்களுக்கு யார் தேத்தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்கள்? மீனம்மாவாக இருந்தால் எழுத வேண்டாம்.

உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தராதீர்கள். நீங்கள் கதைக்கும்போது பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அதை என்னால் தாங்க முடியாது. கடிதம் என்றால் சத்தமில்லை.

அன்புடன்,
பெற்றீசியா

•

ஆனைக்கல்
19.02.2025

அன்புள்ள பெற்றீசியா அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம்தானே? உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பொத்தான் தைத்துவிட்டேன்.

தேத்தண்ணீர் யார் தருகிறார்கள் என்று எழுதவில்லை. நீங்கள் கேட்டபடி.

ரொட்டியும் அவர்தான் தருகிறார். இரண்டு சாப்பிட்டுப் போதும் என்றால், "பெற்றீசியா டீச்சர் மூணு சாப்பிடுவாங்க" என்கிறார். எனக்கு வயிறு நிறைந்திருந்தாலும் அதைக் கேட்டதும் மூன்றாவதையும் எடுத்துச் சாப்பிடுகிறேன். போன ஞாயிறு மேல் லயத்தில் ஒரு குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினேன். பெயர் என்ன என்று கேட்டேன். பெற்றீசியா என்றார்கள். நெற்றியில் திருநீறும் காலில் கறுப்புக் கயிறுமாக ஒரு பெற்றீசியா. குழந்தையை இறக்கி வைத்துவிட்டேன். அது பாவம், அதற்கு என்ன தெரியும்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். சிவராத்திரி முடிய இங்கே காமன் கூத்துக்குக் கம்பம் நடுகிறார்களாம். நட்ட நாளிலிருந்து பூரணையில் எரிக்கும் வரைக்கும் ரதி மன்மதன் ஆட்டம் நடக்குமாம். கூத்தை நடத்துகிற செல்லசாமி அண்ணன் நேற்றுப் பள்ளிக்கூடத்துக்கே வந்து, "டீச்சரும் எங்களோட காப்பு கட்டணுங்க" என்று கேட்டார். இதுவரை எந்த ரீச்சரிடமும் கேட்டதில்லையாம். நீங்கள் வேதக்காரர் என்பதால் உங்களிடம் கேட்கத் தயங்கினார்களாம். என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், இதை எழுதும்போது கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கிறது.

காப்பு எனக்குப் புதிதில்லை. அம்மாவோடு கேதாரகௌரி விரதத்துக்கு வருஷா வருஷம் கட்டுகிறவள்தான். ஆனாலும் இங்கத்தைய முறை ஏதாவது வேறாக இருக்குமா? உங்களுக்குத் தெரியாதது இங்கே இல்லை என்கிறார்கள். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று உடனே எழுதுங்கள். மார்ச் இரண்டாம் தேதி கட்டுகிறார்கள். அதற்கு அடுத்த வெள்ளி நான் ஊருக்கும் போக வேண்டும், தம்பியின் பிறந்தநாள்.

நிஷாந்தி ஜன்னல் பக்கம் இல்லை. முன்வரிசைக்கு மாற்றிவிட்டேன்.

அன்புடன்,
ஜெயந்தினி

•

குருநகர்
25.02.2025

அன்புள்ள ஜெயந்தினிக்கு,

காப்புக் கட்டுங்கள். அவர்கள் சந்தோஷப்படுவார்கள். தலை முழுகி, வெளிறிய நிறத்தில் ஒரு சேலை உடுத்திக்கொண்டு போங்கள். மச்சம் மாமிசம் வேண்டாம். வெற்றிலையை வலக்கையால் வாங்குங்கள்.

வேறொன்றுமில்லை.

நிஷாந்தியை முன்வரிசைக்கு மாற்றியது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு ஜன்னல் வேண்டும்.

பெற்றீசியா

•

ஆனைக்கல்
16.03.2025

பெற்றீசியா அக்கா,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நீங்கள் எழுதியபடியே தலை முழுகினேன், வெளிர் மஞ்சள் சேலை உடுத்தினேன், வலக்கையால் வெற்றிலை வாங்கினேன். செல்லசாமி அண்ணன் காப்புக் கட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும், கையில் அந்தக் காப்போடு கண்டிக்குப் போய் யாழ்ப்பாண பஸ் ஏறினேன். ஏறினால் என்ன? ஊரில் கேதாரகௌரிக் காப்பைக் கட்டிக்கொண்டு கந்தோருக்குப் போகிறோம், கொழும்புக்குப் போகிறோம். கூத்துக் கூட்டத்தில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. கஜேந்திரன் சேருக்கு மட்டும் லீவுக் கடிதம் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பகல் திரும்பி வந்தால் என் அறை திறந்திருக்கிறது. சூடம் மணக்கிறது. தரையில் மீனம்மாவின் பாய். அவர் கையில் ஒரு புதுக் காப்பு.

"காப்பு கட்டினவங்க பொழுது சாஞ்சா தோட்டத்துலதாங்க இருக்கணும் டீச்சர். ஒரு ஆளு கொறஞ்சாலும் ஆகாது. அதான் செல்லசாமி அண்ணன் ஒங்க பேரச் சொல்லி எனக்குக் கட்டிவிட்டு, ஒங்க ரூம்ல படுக்கச் சொன்னாரு."

பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு, மூன்று இரவும் என் பெயரில் என் அறையில் கிடந்திருக்கிறார். அந்த மூன்று நாளும் நிஷாந்திக்குக் காய்ச்சல். பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் கரவெட்டியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை கதைத்துவிட்டு ஆறியிருப்பேன். "டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரங்க, அவங்களுக்குத் தெரியாதுல்ல" என்று என் முன்னாலேயே எனக்காகப் பரிந்து பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதைவிடக் கன்னத்தில் அறை வாங்கியிருக்கலாம்.

இனித்தான் உங்கள் கதை. "பெற்றீசியா டீச்சர் காப்பு கட்டலங்க. ஆனா கம்பம் நட்டா எரிக்கிறவரைக்கும் எங்கேயும் போக மாட்டாங்க. ஆறு வருஷமும் அப்படித்தான்" என்றார் மீனம்மா. அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். நான் ஊருக்குப் போகப்போவதையும் உங்களுக்கு எழுதியிருந்தேன். சேலையின் நிறத்தை எழுதிய கைக்கு இதை எழுத முடியவில்லையா? மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.

நான் இங்கே இருக்கப்போவதில்லை. எப்படியாவது மாற்றம் எடுப்பேன். நீங்களே நிறைந்திருக்கிற இடத்தில் எனக்கு இடமில்லை.

ஜெயந்தினி

•

குருநகர்
24.03.2025

அன்புள்ள ஜெயந்திக்கு,

மறக்கவில்லை. முதலில் எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். பொழுது சாய்ந்தால் தோட்டத்தில் இருக்க வேண்டும், ஊர்ப் பயணத்தை ஒரு கிழமை தள்ளிப் போடுங்கள் என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். பிறகு உங்கள் கடிதத்தை இன்னொரு முறை வாசித்தேன். 'என்னிடம் கேட்டிருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தீர்கள். ஆறு மாசி நான் அந்தக் கம்பத்தடியில் நின்றேன். ஒருநாளும் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் சமயத்துக்கு அது ஆகாது என்று மறுத்திருப்பேன். மறுப்பதற்காவது கேட்டிருக்கலாம். நீங்கள் வந்து நான்கு கிழமை. எழுதிய தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்.

நீங்கள் தடுக்கி விழ வேண்டும் என்று விரும்பினேன். அவர்கள் உங்களைப் பார்த்து, பெற்றீசியா டீச்சர் இப்படிச் செய்யமாட்டாங்க என்று நினைக்க வேண்டும் என்று விரும்பினேன். நிஷாந்தியின் காய்ச்சலை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சுவாமியிடம் சொல்லிவிட்டேன். அவருக்குக் காமன் கம்பம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தவே நேரம் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மாசியில்தான் அப்பா கிணற்றடியில் விழுந்தார். தம்பி அறிவித்தபோது கம்பம் நட்டு மூன்று நாள். காப்புக் கட்டாத என்னை ஒருவரும் தடுத்திருக்க மாட்டார்கள். நானாகத்தான் போகவில்லை. செய்தி வந்து ஒன்பது நாள் கழித்து, எரித்து முடிந்த பிறகுதான் போனேன். தம்பி இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அந்தக் குற்றத்தைக் கழுவத்தான் மாற்றம் எடுத்தேன். இப்போது அப்பாவும் இல்லை, ஆனைக்கல்லும் இல்லை.

உங்களுக்குப் போக வேண்டும். எனக்கு வர வேண்டும். ஆளுக்கு ஆள் மாறிக்கொள்ளும் இடமாற்றம் உண்டு. படிவம் இத்துடன் வருகிறது. என் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட்டிருக்கிறேன். உங்கள் கையெழுத்தும் கஜேந்திரன் சேரின் கையெழுத்தும் இருந்தால் போதும். என் பள்ளிக்கூடம் உங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ்தான். இந்த இடத்துக்காக ஆட்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். நான் செய்ததற்குப் பரிகாரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றீசியா

•

ஆனைக்கல்
07.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

படிவம் கிடைத்தது. உங்கள் கடிதத்தை இரண்டு நாள் திறந்து திறந்து வாசித்தேன். கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் உங்களைப் போல உண்மையை எழுதியவர்கள் எனக்கு வேறு யாருமில்லை. அதற்காகவாவது பதில் எழுத வேண்டும்.

அம்மாவுக்குச் சொன்னேன். "பிள்ளை, கெதியாக் கையெழுத்தைப் போட்டு அனுப்பு, அந்த ரீச்சர் மனம் மாற முதல்" என்று போனிலேயே அழுதுவிட்டார். நல்லூரில் அர்ச்சனையும் செய்தாயிற்று.

கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஓகஸ்டில் புலமைப்பரிசில் பரீட்சை. ஐந்தாம் வகுப்பில் பதினொரு பேர் இருக்கிறார்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காது. பரீட்சை முடிந்ததும் அனுப்புகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ரோசாச் செடியில் பூச்சி பிடித்திருந்தது. பிடுங்கிவிட்டுக் கறிக்கு லீக்ஸ் நட்டிருக்கிறேன். இங்கே இப்போது யாரும் உங்களைப் பற்றி அவ்வளவாகக் கதைப்பதில்லை. புதுக் கொழுந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் வேலை.

அன்புடன்,
ஜெயந்தினி

•

குருநகர்
09.06.2025

அன்புள்ள ஜெயந்திக்கு,

இரண்டு மாதமாகத் தபால்காரரின் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எழுதவில்லை. ஆனால் போன கிழமை மீனம்மா எனக்குத் தேயிலைத் தூள் அனுப்பியிருந்தார். மடு மாதா கோயிலுக்கு வந்த யாத்திரைக்காரர்களிடம் கொடுத்து, கைமாறிக் கைமாறி என் வீடு வரைக்கும் வந்தது. தூளுக்குள் நிஷாந்தி எழுதிய ஒரு துண்டுக் கடிதம்.

என்னைப் பற்றி யாரும் கதைப்பதில்லை என்று எழுதினீர்கள். அவள் ஒரு பக்கம் முழுக்க என்னைத்தான் எழுதியிருக்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அடுத்த பக்கம் முழுக்க நீங்கள். ஜெயந்தினி டீச்சர் மழையில் நனைந்து எட்டுப் பேரை வீடு வரை கொண்டுபோய் விட்டாங்க. ஜெயந்தினி டீச்சர் சிங்களம் பேசினால் எங்களுக்குச் சிரிப்பு வரும், அவங்களும் சிரிப்பாங்க. ஜெயந்தினி டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டாங்க, நான் சத்தமாகச் சொன்னேன். நான் படிப்பித்த காலம் முழுக்க அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு விடையையும் சத்தமாகச் சொன்னதில்லை. ஜன்னல் பக்கம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நான்தான் அவளை மூலையில் இருத்தி வைத்திருந்தேனோ?

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தூளில் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன்.

ரோசாவில் பூச்சி பிடித்திருக்காது. அந்தச் செடியை எனக்குத் தெரியும்.

தயவுசெய்து கையெழுத்தைப் போட்டு அனுப்புங்கள். உங்களுக்கு அந்த இடம் வேண்டாம். வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள். எனக்கு வேண்டும். எனக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணமில்லை, தம்பி கதைப்பதில்லை. கேட்டுக் கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை. இப்போது கெஞ்சுகிறேன்.

பெற்றீசியா

•

ஆனைக்கல்
20.08.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பரீட்சை பத்தாம் தேதி முடிந்தது. பதினொரு பேரும் எழுதினார்கள். நிஷாந்தி கடைசிக் கேள்வி வரை செய்தேன் என்கிறாள்.

ரோசாவில் பூச்சி இல்லை. நீங்கள் சொன்னது சரி. அது பூத்திருந்தது. வருகிறவர்கள் எல்லாம் முதலில் அதைப் பார்த்து உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்கள். ஒருநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பிடுங்கும்போது கையில் முள் கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். போன திங்கட்கிழமை படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போடுவது என்ற முடிவோடுதான் வைத்தேன். அதற்கு முன் மீனம்மாவிடம் சொல்லாமல் போவது சரியில்லை என்று நினைத்தேன். மார்ச்சில் சொல்லாமல் போய்ப் பட்டது போதும். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து வந்தவரைக் கூப்பிட்டு, நான் மாற்றம் எடுத்து ஊருக்குப் போகப்போகிறேன், பெற்றீசியா டீச்சர் திரும்பி வரப்போகிறார் என்று சொன்னேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்தது என்று உங்களுக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதிவிடுகிறேன். "நெசமாவா டீச்சர்? அவங்க எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். நான் எப்போது போகிறேன் என்று கேட்கவில்லை. ஓடிப் போய் லயத்தில் சொன்னார். ஆட்கள் வந்தார்கள். செல்லசாமி அண்ணன் வந்தார். எல்லோரும் எப்ப வர்றாங்க, எப்ப வர்றாங்க என்றார்கள். ஒருவருக்கும் கண் கலங்கவில்லை.

அன்று பின்னேரமே மீனம்மா வாளியும் விளக்குமாறும் கொண்டுவந்தார். நான் கட்டிலில் இருக்கிறேன், என் உடுப்பு கொடியில் தொங்குகிறது, அவர் அறையைக் கழுவுகிறார். "காலக் கொஞ்சம் தூக்குங்க டீச்சர்" என்றார். தூக்கினேன். நான் வந்து ஏழு மாதம். நான் தோட்டத்து மொழி பேசப் பழகினேன், அவர்கள் பிள்ளைகளின் தலையில் பேன் பார்த்தேன், மூன்று மரண வீட்டில் விடிய விடிய இருந்தேன். அதற்கெல்லாம் கிடைத்த கூலி, காலைத் தூக்கச் சொன்னதுதான்.

மீனம்மா போனதும் படிவத்தை அடுப்பில் வைத்துவிட்டேன்.

அக்கா, இதை எப்படி எழுதினாலும் கேவலமாகத்தான் இருக்கும். இந்தத் தோட்டத்தின் மேல் ஆசைப்பட்டு நான் நிற்கவில்லை. கொட்டுகிற மழையும் வழுக்கிற பாதையும் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வேறு யாராவது, பெயர் தெரியாத ஒருத்தி வருகிறாள் என்றால் நாளைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். நீங்கள் வருவதென்றால் என்னால் முடியாது. அந்த முகம் உங்களைப் பார்த்து மலர்வதற்கு என் கையால் வழிவிட மாட்டேன். எனக்காக ஒருநாள் அப்படி மலர வேண்டும். அதுவரைக்கும் போகமாட்டேன். அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் தாளைக் கிழித்ததை எனக்கு எழுதினீர்கள். நான் எரித்ததை உங்களுக்கு எழுதிவிட்டேன். இனி நாம் இருவரும் சமம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எடுத்தது என் மூன்று நாள். நான் எடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

ஜெயந்தினி

•

குருநகர்
02.09.2025

அன்புள்ள ஜெயந்திக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. உங்களை ஏசி மூன்று பக்கம் எழுதினேன். அதை அனுப்பவில்லை. உங்களுக்குத் தெரியாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. இதையும் மறைத்தால் எனக்கு இரண்டாம் முறையாகிவிடும்.

போன நவம்பரில் நான் புறப்பட்ட நாள். நானுஓயா ரயிலுக்குப் போக வாடகை வான் வந்து வாசலில் நிற்கிறது. பெட்டிகளை இன்னும் ஏற்றவில்லை. மீனம்மா வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு வந்தார். நான் அறையில் நிற்கிறேன். "புது டீச்சர் வருவாங்கல்ல, ரூம் பளிச்சுனு இருக்கணும்" என்று சொல்லிக் கழுவத் தொடங்கினார். ஆறு வருஷம் இருந்த அறையிலிருந்து ஈரத் தரையில் வழுக்காமல் நடந்து வெளியே வந்தேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாலை போட்டார்கள். யாராவது ஒருவர் அழுவார் என்று வான் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லசாமி அண்ணன் கஜேந்திரன் சேரிடம் கேட்டது காதில் விழுந்தது. "அடுத்து வர்றவங்க யாருங்க சார்? நல்லவங்களா?" அவர் முகமும் மலர்ந்துதான் இருந்தது. அது உங்களுக்காக.

உங்கள் பெயர் தெரியாத நாளிலிருந்தே உங்கள் மேல் எனக்குப் பொறாமை.

இப்போது யோசித்தால் கொஞ்சம் விளங்குகிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள். போகிறவர்களுக்கெல்லாம் அழுவதென்றால் அவர்கள் எந்த நேரம் கொழுந்து பறிப்பது? வருகிறவருக்கு முகம் மலர்ந்து காட்டினால்தான் அவராவது நிற்பாரோ என்று பார்க்கிறார்கள். நீங்கள் போகிறேன் என்றீர்கள். அதைச் சொன்ன வாயால்தான் நான் வருகிறேன் என்றும் சொன்னீர்கள். அவர்கள் எதைப் பிடித்துக்கொள்வார்கள்? உங்களை வேண்டாம் என்று ஒருவரும் அறையைக் கழுவவில்லை. போகாதீங்க என்று கேட்க அவர்களுக்குத் தெரியாது. என்னிடமும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் நின்றிருப்பேன் என்று நினைத்து நினைத்துத்தான் இந்தப் பத்து மாதமும் போனது.

அதனால் நீங்களாகப் போய்ச் சொல்லுங்கள். போகவில்லை என்று மீனம்மாவிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வெறும் படிவத்தை எரித்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எந்தக் காரணத்துக்காக நிற்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். பொறாமையில் நின்றாலும் ஆசையில் நின்றாலும் பிள்ளைகளுக்கு ஒரு ரீச்சர்தான்.

உங்கள் அம்மாவை வருகிற ஞாயிறு நான் போய்ப் பார்க்கிறேன். மகள் அங்கே எப்படி இருக்கிறாள் என்று என்னைவிட நன்றாக யாரும் அவருக்குச் சொல்ல முடியாது. கரவெட்டிக்கு ஒரு பஸ்தான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி எனக்கு எழுதாதீர்கள். நிஷாந்தியின் பரீட்சைப் பெறுபேறு வந்தாலும் எழுதாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. அவள் சித்தியடைந்தாள் என்று நீங்கள் எழுதினால் நான் முதலில் சந்தோஷப்பட மாட்டேன், அதுதான் பயம். இந்தப் பொறாமை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. அது போன பிறகு, நானே எழுதுகிறேன்.

பெற்றீசியா